எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நட்டுகள் அசையவே இல்லை: ஸ்டட் முறியாமல் கழற்றுவது எப்படி?

நான்குசிலிண்டர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி), வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி). குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று என்ஜின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் வருகிறது. சூடானதும் அடங்கிவிடுகிறது. வால்வு இடைவெளி சரியாக இருக்கிறது. மேனிஃபோல்டின் கடைசி சிலிண்டர் ஓரத்தில் கரிப்படிவு தெரிகிறது. ஆகவே ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள அடைப்பான கேஸ்கெட் கசிகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

சிக்கல் கழற்றுவதில்தான். மேனிஃபோல்டைப் பிடிக்க ஹெட்டில் ஏற்றிய தலையில்லாத மரைக்கம்பிகள், அதாவது ஸ்டட், மொத்தம் எட்டு; எல்லாம் எம்8 (8 மில்லிமீட்டர் விட்டம்). நட்டுகள் துருவேறிச் செதில் செதிலாக உரிகின்றன. கரி படிந்த அந்த ஓரத்தில் ஒரு ஸ்டட் நட்டோடு சேர்ந்து ஏற்கெனவே காணாமல் போயிருக்கிறது. உள்ளே முறிந்திருக்க வேண்டும். இன்னொரு நட்டின் மூலைகளை எனக்கு முன்பே யாரோ மழுங்கடித்துவிட்டார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒன்றில் நீளக் கைப்பிடி போட்டு இழுத்தேன். நட் சுழலவில்லை, ஸ்பிரிங் போல முறுக்கிக்கொண்டு, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. அதோடு நிறுத்திவிட்டேன்.

ஹெட்டைக் கழற்றாமல் இதை முடிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

எண்ணெய்க்கை

ஊடுருவும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருங்கள். பலரும் அடித்த ஐந்தாவது நிமிடமே ஸ்பானரைப் போடுகிறார்கள். எண்ணெய் துருவைக் கரைப்பதில்லை. மயிரிழை இடுக்குகள் வழியாக மெல்ல ஏறி மரைக்குள் போகிறது. அதற்கு நேரம் வேண்டும். மாலையில் அடித்து, காலையில் மீண்டும் அடித்து, இடையில் சிறிய சுத்தியலால் நட்டின் மேல் தட்டிக்கொண்டே இருங்கள். தட்டும் அதிர்வில் துருப்பொடி உடைந்து புது இடுக்குகள் திறக்கும்.

வண்டி ஓடும் நிலையில் இருந்தால் இன்னும் நல்லது. என்ஜினைச் சூடாக்கி அணையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் எண்ணெய் விடுங்கள். மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் எண்ணெய் கொஞ்சம் உள்ளே போகும். கொதிக்கும் மேனிஃபோல்டில் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

எண்ணெய் அடிக்கும் முன் கம்பி பிரஷ்ஷால் ஸ்டட்டின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைச் சுத்தம் செய்யுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. நட் கழன்று வரும் வழியே அதுதான். அங்கே துரு இருந்தால், பாதி வந்த நட் அங்கே சிக்கி ஸ்டட்டை முறித்துவிடும்.

தீப்பொறி

எண்ணெயை நம்பி வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம். எக்ஸாஸ்டில் சூடு ஒன்றே மருந்து. நட்டை மட்டும் மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கு, உடனே கழற்று. அவ்வளவுதான்.

லேத்துக்காரர்

இரண்டு பேர் சொல்வதும் சரி, இரண்டும் பாதி. வேலையைத் தொடங்கும் முன் நான்குசிலிண்டர் ஒரு கணக்குப் போட வேண்டும். இங்கே நட், ஸ்டட், ஹெட் என்று மூன்று பொருள்கள் இருக்கின்றன. நட் போனால் போகட்டும். ஸ்டட் போனால் வருத்தம், ஆனாலும் மாற்றலாம். ஹெட்டின் மரை போனால்தான் உண்மையான செலவு. ஆகவே ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டிய கேள்வி "இதை எப்படிக் கழற்றுவது" அல்ல. "இப்போது எதை இழக்கத் தயார்" என்பதுதான். ஸ்டட்டைக் காப்பாற்ற நட்டை வெட்டத் தயங்காதீர்கள். ஹெட்டைக் காப்பாற்ற ஸ்டட்டை வெட்டத் தயங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் ஒரு நட்டைக் காப்பாற்றப் போய் ஸ்டட்டை முறிக்கிறார்கள். பிறகு முறிந்த ஸ்டட்டை அவசரத்தில் துளைக்கப் போய் ஹெட்டைக் கெடுக்கிறார்கள்.

நீங்கள் உணர்ந்த அந்த ஸ்பிரிங் தன்மை நல்ல அறிகுறி. எஃகு இன்னும் மீள்தன்மை எல்லைக்குள் இருக்கிறது. ஆபத்தான உணர்வு வேறு: கைப்பிடி நகர்கிறது, ஆனால் கையில் எதிர்ப்பு கூடவில்லை, மெத்தென்று வழிந்து வருகிறது. கழல்கிறது என்று அப்போது மகிழ்பவர்கள் உண்டு. ஸ்டட் இழுபட ஆரம்பித்துவிட்டது என்பதே அதன் பொருள். அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும்.

கருவி பற்றி: ஆறு மூலை சாக்கெட் மட்டும். பன்னிரண்டு மூலை சாக்கெட் மூலைகளைத்தான் பிடிக்கும்; துருவேறித் தேய்ந்த நட்டில் மூலைகளே இல்லை. 13 மில்லிமீட்டர் நட் தேய்ந்து தளர்வாக இருந்தால் அரை அங்குல சாக்கெட்டைத் தட்டிப் பொருத்திப் பாருங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர்; பல நேரங்களில் இறுக்கமாக உட்காரும்.

முதல் அசைவைக் கழற்றும் திசையில் கொடுக்காதீர்கள். இறுக்கும் திசையில் ஒரு சிறு தட்டு. துருப்பிடிப்பு உடைய வேண்டும், எந்தத் திசையில் என்பது முக்கியமில்லை. உடைந்ததும் கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, எண்ணெய், மறுபடி. கீச்சென்று சத்தம் வந்தால் பின்னே போங்கள். இப்படி ஒரு நட்டுக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

சந்தேகப்பிராணி

நட்டைச் சூடாக்கினால் அது உள்நோக்கியும் விரிந்து ஸ்டட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்காதா? எனக்கு இது என்றுமே விளங்கியதில்லை. ஸ்டட்டும் சேர்ந்துதானே சூடாகிறது?

அணுவடுக்கு

உள்நோக்கி விரியாது. ஓட்டையுள்ள பொருளைச் சூடாக்கினால் ஓட்டையும் சேர்ந்தே பெரிதாகும். முழுத் தகடு விரியும்போது அதில் வரைந்த வட்டம் எப்படிப் பெரிதாகுமோ அதே அளவுக்கு ஓட்டையும் பெரிதாகும்.

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. நட்டும் எஃகு, ஸ்டட்டும் எஃகு. இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்தால் இடைவெளி எதுவும் கிடைக்காது. ஆகவேதான் வேகமாக, நட்டை மட்டும் சூடாக்க வேண்டும் என்கிறார்கள். சிறிய சுடரை நீண்ட நேரம் காட்டினால் பயன் குறைவு. சூடு மெல்ல ஸ்டட்டுக்கும் பரவிவிடும். வலுவான சுடர் குறைந்த நேரம், அல்லது இண்டக்ஷன் ஹீட்டரின் சுருளை நட்டைச் சுற்றிப் போடுவது சிறந்தது. அதில் சுடரே இல்லை. பக்கத்தில் இருக்கும் வயரும் ரப்பர் குழாயும் தப்பிக்கும். இன்னொரு பலனும் உண்டு. இறுகியிருக்கும் துரு அடுக்குக்கு இந்தத் திடீர் அசைவைத் தாங்கும் வளைவுத்தன்மை கிடையாது, நொறுங்கிவிடும். இரும்பு துருவாக மாறும்போது கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. மரைக்குள் அந்தத் துருவுக்குப் போக இடமில்லை. அதனால்தான் இப்படி இறுகுகிறது. துரு நொறுங்கினால் வேலை பாதி முடிந்தது.

ஹெட் பக்கத்தில் கதை வேறு. அங்கே எஃகு ஸ்டட், அலுமினிய ஓட்டை. அலுமினியத்தின் வெப்ப விரிவு எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு: ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்தில் அது 23 பங்கு, இது 12 பங்கு. எம்8 ஸ்டட் இருக்கும் இடத்தில் வெப்பநிலையை 150 டிகிரி உயர்த்தினால் ஓட்டை ஸ்டட்டைவிடச் சுமார் 0.013 மில்லிமீட்டர் கூடுதலாக விரியும். சிறிய எண்தான். ஆனால் இறுகிய மரைக்கு அது போதும். இங்கே ஸ்டட்டைச் சூடாக்கக் கூடாது. சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். நட்டுக்கு ஒரு முறை, ஸ்டட்டுக்கு வேறு முறை. இதைக் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

தீப்பொறி

அணுவடுக்கு சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. அலுமினியம் சிவக்காது. எஃகு சிவந்து எச்சரிக்கும்; அலுமினியம் எந்த நிறமும் காட்டாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தொய்ந்து விழும். ஹெட்டுக்கான கலவைகள் வெப்பப் பதம் செய்யப்பட்டவை. 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் உருகாவிட்டாலும் வலுவிழக்கும். தண்ணீர்த் துளி விழுந்தவுடன் சீறி ஓடும் அளவு போதும். அதற்கு மேல் வேண்டாம்.

மெழுகையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சூடான நட்டின் ஓரத்தில் சாதாரண மெழுகுவர்த்தியை வைத்தால் உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். எண்ணெய் ஆவியாகிப் புகைந்துவிடும் சூட்டிலும் மெழுகு உள்ளே நிற்கும். சிவந்திருக்கும்போது வைக்காதீர்கள், எரிந்துவிடும். சிவப்பு அடங்கியபின் வையுங்கள்.

பாதுகாப்பும் சேர்த்து. எண்ணெய் அடித்த இடத்தில் சுடர் காட்டும் முன் நன்றாகத் துடையுங்கள். பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு அதே இடத்தில் வெல்டிங்கோ சுடரோ காட்டவே கூடாது. அது சிதைந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். மூச்சுத் திணறல் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்து நுரையீரலைத் தாக்கும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருசக்கரன்

மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களிடம் பெரும்பாலும் எம்6, ஒரு சிலிண்டருக்கு இரண்டே ஸ்டட். எம்8-இல் முறிக்கத் தேவைப்படும் முறுக்கில் பாதிகூட எம்6-க்கு வேண்டாம். நீளக் கைப்பிடியை அருகிலேயே கொண்டுவராதீர்கள்.

எண்ணெய்க்கை

கடையில் வாங்கிய எண்ணெய் தீர்ந்துவிட்டால், ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து பயன்படுத்துவார்கள். நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டும் தானாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். அதன் ஆவி, வீட்டு வெப்பநிலை என்ன, உறைநிலைக்குக் கீழே கூடத் தீப்பற்றும். தீப்பொறியின் வழியையும் என் வழியையும் ஒரே நாளில் கலக்காதீர்கள் என்பதுதான் சாரம்.

நான்குசிலிண்டர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வழிகளையும் வரிசையாகச் செய்தேன்: முதலில் கம்பி பிரஷ், எண்ணெய், ஓட்டிச் சூடாக்குதல். எல்லாம் நன்கு காய்ந்தபின் நட்டுகளுக்கு மட்டும் சுடர். ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வந்தேன். ஐந்து நட்டுகள் கழன்றன. அவற்றில் ஒன்று ஸ்டட்டோடு சேர்ந்தே வந்துவிட்டது. ஹெட் மரை சுத்தமாக இருக்கிறது. இது பிரச்சினையா?

இன்னொன்று நகர மறுக்கிறது. மழுங்கிய நட்டும் அப்படியே இருக்கிறது. முறிந்த ஸ்டட் எப்படி இருக்கிறது என்று மேனிஃபோல்டு வெளியே வந்தால்தான் தெரியும்.

லேத்துக்காரர்

ஸ்டட்டோடு வந்தது பிரச்சினையே இல்லை, பரிசு. எது முதலில் இளகுகிறதோ அது வரட்டும். ஆனால் அந்த ஸ்டட் எவ்வளவு உயரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்பதை மற்றவற்றில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்டுக்குள் போகும் பக்கமும் நட் பக்கமும் ஒரே நீளமில்லாத ஸ்டட்டுகள் உண்டு. சிலவற்றில் மரை அளவே வேறு. தலைகீழாகப் போட்டால் அடியில் முட்டி நிற்கும், அல்லது பிடிமானம் போதாது.

மீதி இரண்டு நட்டுகளைக் கழற்றும் ஆசையை விடுங்கள். வெட்டுங்கள். இடம் இருந்தால் நட் பிளக்கும் கருவி; இல்லையென்றால் சிறு வெட்டுச் சக்கரத்தால் நட்டின் ஒரு தட்டையான பக்கத்தில், ஸ்டட்டுக்கு இணையாக, மரையைத் தொட ஒரு நூல் மிச்சம் இருக்கும்வரை வெட்டுங்கள். எதிர்ப்பக்கத்திலும் அதே. பிறகு வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு. நட் திறந்துகொள்ளும். ஸ்டட் மரையில் லேசாகக் கோடு விழுந்தாலும் பரவாயில்லை, எப்படியும் ஸ்டட்டுகளை மாற்றத்தான் போகிறீர்கள். கண்ணாடி அணியுங்கள். அந்தச் சக்கரங்கள் உடையும்போது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

சந்தேகப்பிராணி

எல்லா ஸ்டட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா? நன்றாக இருப்பவற்றைத் தொட்டு முறித்துக்கொள்வதைவிட விட்டுவிடலாமே? கெட்டுப்போகாததைக் கழற்றாதே என்று நீங்களே வேறு இழைகளில் சொல்லியிருக்கிறீர்கள்.

லேத்துக்காரர்

நியாயமான கேள்வி. என் கருத்து இது: மரை முழுதாக இருந்து, நட்டைக் கையாலேயே கடைசிவரை சுற்ற முடிந்தால் விட்டுவிடலாம். நடுவில் இடுப்புபோல ஒடுங்கியிருந்தால் அது இழுபட்ட ஸ்டட். கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதோடு புது நட்டை இறுக்கும்போது அது போய்விடும்.

எடுப்பதற்கு இரட்டை நட் முறையை முயலுங்கள். இரண்டு புது நட்டுகளை ஸ்டட்டில் ஏற்றி ஒன்றோடொன்று பூட்டுங்கள். உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றும் திசையில் திருப்பினால் ஸ்டட் சேர்ந்து சுற்றும். ஹெட் சூடாக இருக்க வேண்டும். நட்டுகள் நழுவினால் உருளை வைத்த ஸ்டட் கழற்றி. பல் வைத்த பிளேயரால் பிடித்தால் மரை நசுங்கும். ஸ்டட்டைத் தூக்கி எறியப்போகிறீர்கள் என்றால் அதையும் தாராளமாகச் செய்யலாம்.

நான்குசிலிண்டர்

நட்டுகள் இரண்டும் வெட்டப்பட்டன. மேனிஃபோல்டு வெளியே வந்துவிட்டது. இப்போது நல்ல செய்தியும் கெட்ட செய்தியும்.

முறிந்த ஸ்டட் ஹெட் முகத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. முறிந்த முகம் சாய்வாக, பழைய துருவோடு. மற்ற ஸ்டட்டுகள் எல்லாம் இரட்டை நட்டில் வந்துவிட்டன. இந்த ஒன்றுக்கு ஈஸி அவுட் வாங்கலாமா?

லேத்துக்காரர்

வேண்டாம். இந்த மன்றத்தில் நான் பெரிய எழுத்தில் ஏதாவது எழுத வேண்டுமென்றால் அதைத்தான் எழுதுவேன். முழு ஸ்டட்டே ஸ்பானருக்கு வராமல் முறிந்திருக்கிறது. அதற்குள் துளை போட்டு, அதைவிட மெல்லிய கடினக் கம்பியைச் செருகித் திருப்பினால் எது முறியும்? ஈஸி அவுட் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. கார்பைடு வேண்டும், இல்லையென்றால் ஹெட்டைக் கழற்றி மின்பொறி அரிப்புக்குக் கொண்டுபோக வேண்டும். மேலும் கூம்பு வடிவ ஈஸி அவுட் ஸ்டட்டின் சுவரை வெளிநோக்கித் தள்ளி மரையில் இன்னும் இறுக்குகிறது. இறுகாத ஸ்டட், தளர்வான மரை, அதிர்வில் தலை மட்டும் போன போல்ட் ஆகியவற்றுக்குத்தான் அது. துருவில் இறுகியதற்கு அல்ல.

தீப்பொறி

வெல்டிங் செய்துவிடலாம். உள்ளே ஒரு மில்லிமீட்டர்தானே. ஸ்டட்டின் மேல் மிக் டார்ச்சால் சொட்டுச் சொட்டாக உலோகத்தை ஏற்றி முகத்துக்கு மேல் கொண்டுவா. பிறகு ஒரு வாஷரை வைத்து வெல்டிங், அதன் மேல் ஓர் அளவு பெரிய நட்டை வைத்து உள்ளே நிரப்பி வெல்டிங். எஃகுக் கம்பி அலுமினியத்தோடு ஒட்டாது, ஆகவே ஹெட் மரைக்குப் பயமில்லை. வெல்டிங்கின் சூடு ஸ்டட்டின் நடுவழியாக உள்ளே இறங்குவதுதான் இந்த முறையின் உயிர். சிவப்பு அடங்கியதும் முன்னும் பின்னும் மெல்ல அசை. நட் பிய்ந்து வந்தால் மனம் தளராதே, இன்னொன்றை வை. ஒவ்வொரு முறையும் ஸ்டட் சூடாகி ஆறுகிறது, அதுவே வேலை.

துத்தநாகப் பூச்சுள்ள நட் வேண்டாம், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும். பேட்டரியைக் கழற்று. எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே மாட்டு. மின்சாரம் பேரிங் வழியாகவோ கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாகவோ சுற்றிப்போகக் கூடாது.

நான்குசிலிண்டர்

முறை புரிகிறது. ஆனால் அந்த ஸ்டட் தீச்சுவருக்கு (என்ஜின் அறைக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்பு) எதிரே இருக்கிறது. டார்ச்சை நேராகப் பிடிக்க இடமில்லை, கண்ணாடியில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். என்னிடம் கோண டிரில் இருக்கிறது. அது உள்ளே போகிறது.

தீப்பொறி

கண்ணாடியில் பார்த்து வெல்டிங் செய்பவர்கள் இருக்கிறார்கள். நீ இதுவரை செய்ததில்லை என்றால் அந்த இடத்தில் கற்றுக்கொள்ளாதே. துளை போடு.

அணுவடுக்கு

ஹெட்டைக் கழற்றும் நிலை வந்தால் மட்டும் ஒரு மாற்று வழி: படிகாரம். சூடான படிகாரக் கரைசல் எஃகைக் கரைக்கும், அலுமினியத்தை ஏறக்குறையத் தொடாது. கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகை இப்படித்தான் எடுக்கிறார்கள். மெதுவான வேலை, தொடர்ந்து சூடாக வைத்திருக்க வேண்டும். ஹெட்டில் வால்வு இருக்கை போன்ற இரும்புப் பாகங்களும் இருக்கின்றன, அவற்றையும் கரைசல் விட்டுவைக்காது. ஆகவே ஹெட்டை முழுதாக மூழ்கவைக்கக் கூடாது. அந்த ஓட்டையைச் சுற்றி மட்டும் சிறு அணை கட்ட வேண்டும். முறிந்த டேப் (மரை வெட்டும் கருவி) அல்லது ஈஸி அவுட் அலுமினியத்தில் சிக்கிக்கொண்டவர்களுக்குக் கடைசிக் கதவு இது.

லேத்துக்காரர்

துளைதான் என்றால் முழு விஷயமும் நடுப்புள்ளியில் இருக்கிறது. எஃகு கடினம், அலுமினியம் மென்மை. டிரில் பிட் அரை மில்லிமீட்டர் விலகினாலும் மென்மையான பக்கத்துக்கு நழுவி, ஸ்டட்டுக்குப் பக்கத்தில் புது ஓட்டை போடும். சாய்வான முகத்தில் சென்டர் பஞ்சை மட்டும் நம்பிக் கையால் போடவே கூடாது. வழிகாட்டி வேண்டும்.

மேனிஃபோல்டின் ஓட்டையில் உட்காரும் புஷ் ஒன்றைக் கடைசலில் செய்யுங்கள். வெளி விட்டம் மேனிஃபோல்டு ஓட்டைக்கு, உள் விட்டம் 4 மில்லிமீட்டர் பிட்டுக்கு. மேனிஃபோல்டை மற்ற ஸ்டட்டுகளில் மாட்டி, புஷ் வழியாகத் துளையுங்கள்.

சந்தேகப்பிராணி

ஒரு நிமிடம். ஓர ஓட்டைகள் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். மேனிஃபோல்டு விரிந்து நகர்வதற்காக. அந்த ஓட்டையின் நடு, ஸ்டட்டின் நடு அல்ல. அதில் புஷ் போட்டால் விலகித்தான் துளை விழும்.

லேத்துக்காரர்

சரியாகப் பிடித்தீர்கள். இவருடைய மேனிஃபோல்டு வளைந்தும் இருக்கலாம், அதை நம்ப முடியாது. திருத்திக்கொள்கிறேன்: 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுப் பட்டையில் வழிகாட்டி செய்யுங்கள். பக்கத்துச் சிலிண்டரின் ஸ்டட் இடைவெளிகளை அளந்தால் இதுவும் அதே அளவில்தான் இருக்கும். வார்ப்பு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. பட்டையில் எம்8 தளர்வில்லாமல் போகும் இரண்டு ஓட்டைகள், மூன்றாவது இடத்தில் 4 மில்லிமீட்டர் ஓட்டை. முதலில் பழுதில்லாத மூன்று ஓட்டைகளில் பொருத்திச் சரிபார்த்துவிட்டுப் பிறகு இங்கே மாட்டுங்கள்.

துளை போட இடதுசுற்று பிட் வாங்குங்கள். டிரில் எதிர்த்திசையில் சுழலும்போது அது வெட்டும். வெட்டும் விசையே ஸ்டட்டைக் கழற்றும் திசையில் இழுக்கும். முதலில் 4, பிறகு 5, பிறகு 6. உள்ளே வெற்றிடம் வர வர ஸ்டட்டின் சுவர் தளர்கிறது, பிடி குறைகிறது. பல நேரங்களில் 5-லேயே பிட்டோடு சுற்றி வந்துவிடும். வராவிட்டால் 6.5 வரை போய் நிறுத்துங்கள். மிச்சம் இருக்கும் மரைச் சுருளைக் கூர்முனைக் கம்பியால் உள்நோக்கி மடித்து இழுக்கலாம். எம்8 டேப்புக்கான துளை 6.8, அதைத் தாண்டினால் ஹெட்டின் மரையைத் தின்கிறீர்கள்.

மெதுவான வேகம், வெட்டும் எண்ணெய், ஹெட் சூடாக. எவ்வளவு ஆழம் என்பதைப் பக்கத்து ஓட்டையில் அளந்து பிட்டில் நாடா ஒட்டுங்கள். சில ஹெட்டுகளில் அடியில் தண்ணீர்ப் பாதை இருக்கிறது.

இருசக்கரன்

எல்லாம் கைவிட்டால் ஹெலிகாயில் இருக்கிறது. எம்6 அலுமினியத்தில் அசல் மரையைவிட அது நன்றாகவே பிடிக்கிறது.

லேத்துக்காரர்

உண்மை. எஃகு மரைச் சுருள் அலுமினியத்தில் அசல் மரையைவிட அகலமாகப் பிடிக்கிறது. ஓட்டை நேராக இருந்தால் மட்டும். சாய்ந்த ஓட்டையில் சுருளும் சாய்ந்தே இருக்கும், கேஸ்கெட் ஒருபக்கம் திறந்தே இருக்கும்.

நான்குசிலிண்டர்

வந்துவிட்டது! பட்டை வழிகாட்டி செய்து மூன்று நல்ல ஓட்டைகளில் சரிபார்த்தேன், பிறகு மாட்டினேன். 4-இல் நேராக இறங்கியது. ஹெட்டைச் சூடாக்கி 5 இடதுசுற்று பிட்டைப் போட்டேன். பாதியில் பிடித்து, ஒரு 'கிர்' சத்தம், பிறகு ஸ்டட் பிட்டின் நுனியிலேயே சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்தேன், பொடி மட்டும்தான் வந்தது, உலோகம் வரவில்லை.

இனி மாட்டுவது. ஆன்ட்டி சீஸ் (மரை இறுகாமல் இருக்கத் தடவும் பசை) போடலாமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டட் வாங்கலாமா?

அணுவடுக்கு

அதற்கு முன் ஒரு கேள்வி: ஏன் ஓர ஸ்டட் மட்டும் முறிந்தது? வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அது 500 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். ஹெட் தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. 80 டிகிரி உயர்ந்தால் அதே நீளத்தில் முக்கால் மில்லிமீட்டர்கூட நீளாது. வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு. நடு ஸ்டட்டுகள் நகர்வை உணர்வதே இல்லை, ஓர ஸ்டட்டுகள் முழுதாக அனுபவிக்கின்றன. தினமும் இருபுறமும் வளைக்கப்படும் கம்பி ஒருநாள் முறியத்தான் செய்யும்.

ஆகவே நேர்விளிம்பை மேனிஃபோல்டின் முகத்தில் வைத்து ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் முகத்தைச் சமப்படுத்தாமல் மாட்டினால் புது ஸ்டட்டும் அதே இடத்தில் முறியும். கேஸ்கெட்டில் பசை போடாதீர்கள். மேனிஃபோல்டு அதன் மேல் சற்று வழுக்க வேண்டும்.

எண்ணெய்க்கை

ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட் வேண்டாம். துரு பிடிக்காது, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஒட்டிக்கொள்ளும். அதற்கு எண்ணெயும் கிடையாது, சூடும் கிடையாது. நல்ல எஃகு ஸ்டட், செம்புப் பூச்சுள்ள நட் அல்லது பித்தளை நட். பித்தளை எஃகோடு துருவாக ஒட்டாது; அடுத்த முறை ஸ்பானருக்கே வரும்.

லேத்துக்காரர்

ஆன்ட்டி சீஸ் போடுங்கள், நிக்கல் கலந்ததை நான் விரும்புவேன். செம்பைவிட அதிகச் சூடு தாங்கும். ஸ்டட்டைக் கையால் அடிவரை விட்டு லேசாகப் பூட்டினால் போதும். பிடிமானம் நட்டில்தான் வர வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: மேனுவலில் உள்ள முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கானது என்றால், தடவிய மரையில் அதே அளவு கொடுத்தால் ஸ்டட் கூடுதலாக இழுபடும். கால் பங்கு குறைப்பது வழக்கம். நடுவிலிருந்து ஓரங்களுக்கு, இரண்டு மூன்று சுற்றாக. ஹெட்டின் அடி ஓட்டை தண்ணீர்ப் பாதைக்குத் திறந்திருந்தால் அங்கே ஆன்ட்டி சீஸ் அல்ல, சூடு தாங்கும் மரை அடைப்பான் வேண்டும்.

நான்குசிலிண்டர்

முகம் வளைந்துதான் இருந்தது, ஒளி தெரிந்தது. சமப்படுத்தி மாட்டினேன். குளிர் ஸ்டார்ட்டில் சத்தம் இல்லை. சில முறை சூடாகி ஆறியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டுமா?

லேத்துக்காரர்

முழுதாக ஆறிய நிலையில் ஒரு முறை, அதே குறைத்த அளவில். புது கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ஓர நட்டுகள் அதிகம் நகர்ந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

சாவிக்கொத்து

புதியவன், இழை முழுதும் படித்தேன். என்னுடையது நட் அல்ல, ஆக்சிஜன் சென்சார். மேனிஃபோல்டில் இறுகிவிட்டது. இதற்கும் சுடரா?

எண்ணெய்க்கை

சென்சாரை மறுபடி பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் சுடர் வேண்டாம். என்ஜினைச் சூடாக்கி, சூட்டிலேயே முயலுங்கள். பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் தலை. வயர் போக வெட்டிய சாக்கெட் கிடைக்கும். தூக்கி எறியப்போவது என்றால் வயரை வெட்டிவிட்டு, மூடிய ஆறு மூலை சாக்கெட்டைப் போடுங்கள், விரிசல் விடாது. மாட்டும்போது ஆன்ட்டி சீஸ் மரையில் மட்டும். நுனியில் பட்டால் சென்சார் கெடும்.